சிற்றுருப் புகைவண்டி அமைத்தல்

புகைவண்டியின் சிற்றுரு என்றவுடனே, சாவி முடுக்கிச் சிறுவர் ஓட்டும் தகர வண்டியே பலருடைய நினைவுக்கு வரும். விளையாட்டுப் பொருளைப்பற்றிக் கல்லூரி வெளியீட்டில் எழுதுவானேன் என்று நண்பர் ஒருவர் எம்மை வினவவும் செய்தார். புகைவண்டியின் வரலாற்றிலே பெரியது பிறக்குமுன் சிறியது பிறந்தது என்பதே அவருக்கு யாம் கூறிய விடை. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியிலுள்ள ரெட்ரூத் என்னும் ஊரில், 1784-ஆம் ஆண்டிலேயே, வில்லியம் மர்டாக் என்பார் நீராவியால் தானே ஓடும் சிறு வண்டியொன்றைச் செய்து ஓட்டினார். 1804-ல் வேல்ஸ் நாட்டுப் பெனிடாரன் இரும்பாலைப் பாதையின்மீது நீராவி என்ஜினை ஓட்டிப் புகழ்பெற்ற ரிச்சர்டு டிரெவிதிக் என்பாரும், அதற்குமுன் மேசைமேல் ஓடும் சிற்றுருக்களைச் செய்து பார்த்தவரே. ஆகலின் இவ்வேலையை இழிவாக எண்ணற்க என்று அவரை வேண்டிக்கொண்டோம். அவர் முழுதும் உடன்பட்டாரென்று சொல்லுதற்கில்லை.

எம் கல்லூரியில் ஆசிரியர் இருவரும் மாணவர் நால்வரும் கூடி, ஓய்வு நேரங்களில், நீராவி என்ஜின் ஒன்றனையும் அதன்பின் செல்லும் வண்டிகள் சிலவற்றையும் சிற்றுருவாக அமைக்க முற்பட்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. யாம் தேர்ந்துகொண்டது மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.பி. வகுப்பு என்ஜின். முன்னே நான்கு சிறு சக்கரங்களுடைய போகியும், நடுவே ஒன்றோடொன்று இணைத்த பெருஞ்சக்கரங்கள் ஆறும், பின்னே தீயறையின் பாரத்தைத் தாங்கும் சக்கரங்கள் இரண்டும் உடையதாகலின் இதனை 4-6-2 அமைப்பு என்பர். இவ்வகுப்பில் முதல் 20 என்ஜின்கள் 1949-ல் அமெரிக்காவிலுள்ள பால்டுவின் தொழிற்சாலையில் செய்யப்பெற்றன. பின்னர் ஐரோப்பாவிலும், நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரிலும் செய்யப்பெற்று, 1970-ல் வேலை நின்றபொழுது மொத்தம் 871 ஆயின. தென்னாட்டு மீட்டர் பாதைகளோ, 1992-ல் தொடங்கிய பாதை மாற்றத் திட்டத்தின் பயனாகப் பெரும்பாலும் அகலப் பாதைகள் ஆகிவிட்டன. அவ்வென்ஜின்களிற் சில ஆங்காங்கே காட்சிப்பொருளாய் நிற்கின்றனவேயன்றி, நாடோறும் வண்டி இழுக்கக் காண்பதற்கில்லை.

எம் மாணவர் நால்வருள் ஒருவருடைய பாட்டனார் இவ்வகை என்ஜின்களை நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் கண்ணெதிரே வைத்தால் அவர் குறைகூறாத வண்ணம் ஒன்று செய்தல் வேண்டும் என்பதே எமது ஆசை. அவ்வாசை எம்மைப் படுத்திய பாட்டையும், அதனால் யாம் கற்றுக்கொண்டவற்றையும் இனிக் கூறுவோம்.

சிற்றுருச் செய்வோர் முதற்கண் துணியவேண்டுவன இரண்டு. உருவத்தை எத்துணை மடங்கு குறைப்பது என்பது ஒன்று. தண்டவாளங்களுக்கிடையே எத்துணை அகலம் விடுவது என்பது மற்றொன்று. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானே முடிந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆயினும் நடைமுறை அவ்வாறு அமையவில்லை. ஜெர்மனியில் மார்க்ளின் கம்பெனியார் 1891-ல் லைப்சிக் நகரத்துச் சந்தையிலே தண்டவாளத்தோடு கூடிய விளையாட்டு வண்டிகளைக் கொணர்ந்து வைத்து, பாதையின் அகலங்களுக்கு எண்ணிட்டுப் பெயர் வழங்கினர். 1 என்னும் எண்ணினும் குறுகிய பாதை ஒன்று பின்னர் வந்தபொழுது அதற்குப் பூஜ்யம் என்று பெயராயிற்று. அதன் அகலம் 32 மி.மீ. அதனினும் பாதியளவாகிய 16.5 மி.மீ. பாதை தோன்றியபொழுது, எண்ணின்கீழ் எண் இன்மையால், அதனைப் பாதிப் பூஜ்யம் என்னும் பொருளில் எச்.ஓ. என்றனர். இதற்குரிய உருவ அளவு ஓரடிக்கு 3.5 மி.மீ.; அஃதாவது 87-ல் ஒரு பங்கு.

இங்கிலாந்தில் இவ்விஷயத்தில் ஒரு விநோதம் நேர்ந்தது. அந்நாட்டு என்ஜின்கள் ஐரோப்பாவின் ஏனைய நாட்டு என்ஜின்களினும் ஒடுங்கியவை. அவற்றை 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால், அக்காலத்து மின்சார மோட்டார் உள்ளே புகுவதற்கு இடமில்லை. எனவே பாதையை 16.5 மி.மீ. ஆகவே வைத்துக்கொண்டு, உருவத்தை மட்டும் ஓரடிக்கு 4 மி.மீ. ஆகப் பெருக்கிவிட்டனர். 1938-ல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ வண்டிகள் இவ்வளவில் அமைந்தவையே. இதன் பயன் யாதெனில், உண்மையில் 4 அடி 8½ அங்குலம் இருக்கவேண்டிய பாதை, அச்சிற்றுருக்களுக்கு 4 அடி 1½ அங்குலமாகச் சுருங்கிற்று. பருத்த உடலைக் குச்சிக் கால்கள் தாங்குவதுபோன்ற அத்தோற்றத்தைப் பொறாத அந்நாட்டன்பர் சிலர், பாதையை 18.83 மி.மீ. ஆக்கிக்கொண்டு, சக்கரம் முதலிய அனைத்தையும் தாமே செய்துவருகின்றனர். கடையில் விற்கும் பொருள்களிற் பல அப்படியே அவர்கட்கு உதவா. மூன்றில் ஒரு பங்கு அங்குலமும் இல்லாத வேற்றுமைக்காக வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கொடுத்தவர் அவருள் உளர். தொடக்கத்தில் யாம் அவர்களைப்பற்றி நகைத்ததுண்டு.

எமக்கு இவ்வகையில் நல்லூழ் வாய்த்தது. மீட்டர் பாதையை 87-ல் ஒரு பங்காக்கினால் சிறிதேறக்குறைய 11.5 மி.மீ. வரும், கடைகளிற் கிடைக்கும் சிறுபாதை ஒன்றன் அகலம் 12 மி.மீ. அரை மி.மீ. மிகுதியே பிழை. நம் அகலப் பாதை என்ஜினைச் செய்ய முற்பட்டிருப்போமாயின் 19.25 மி.மீ. பாதை வேண்டும், 16.5 மி.மீ. பாதையில் அதனை நிறுத்தினால் இங்கிலாந்தில் நேர்ந்த கேடே இங்கும் நேரும். ஒய்.பி. என்ஜினின் பெருஞ்சக்கரம் 4 அடி 6 அங்குல விட்டமுடையது. எம் கணக்கிற்கு 15.75 மி.மீ. விலைக்குக் கிடைத்தது 16 மி.மீ. சக்கரம். அதனைக் கொண்டோம்.

அளவைக் குறைக்கலாம், இயற்கையின் விதிகள் அதனோடு குறைந்து வருவனவல்ல என்பதை அடுத்து உணர்ந்தோம். நீளம் 87-ல் ஒன்றாகும்பொழுது எடை 87-ஐ மும்முறை பெருக்கிய தொகையால், அஃதாவது ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணால், வகுக்கப்படும். 100 டன் நிறையுள்ள என்ஜின், கணக்கின்படி, 152 கிராமே நிற்கும். அத்துணை இலேசான பொருளின் சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழலுமேயன்றி வண்டியை இழா. ஆகவே கொதிகலத்தினுள்ளே இடங்கண்ட விடமெல்லாம் ஈயத்தை நிரப்ப வேண்டும். பின்செல்லும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். 1935-ல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற தேசியச் சிற்றுரு இரயில்வே சங்கத்தார், இவ்வளவுடைய வண்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்சும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சும் நிறை வேண்டுமென்று விதித்துள்ளனர். எம் சரக்கு வண்டி 3 அங்குல நீளமுள்ளது. அதற்கு 2½ அவுன்சு, ஏறத்தாழ 70 கிராம் ஆகிறது. மூட்டையேற்றி 30 டன் நிற்கும் உண்மை வண்டியைக் கணக்கிற் குறைத்தால் 46 கிராமே வரும். இலேசானதை இலேசாகவே விட்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் தடம்புரளும், புரண்டது.

சக்கரத்தின் விளிம்பும் அவ்வாறே. உண்மைச் சக்கரத்தில் தண்டவாளத்தைப் பற்றி நிற்கும் விளிம்பு ஓர் அங்குலத்திற் சிறிது மிகும். அதனை அப்படியே குறைத்தால் மி.மீ. மூன்றில் ஒரு பங்காய், காகித அடுக்குப்போலாகும். நடைமுறையில் அதனினும் இருமடங்கு வைக்கிறார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் எம் மேசைமேல் நொடிக்கு 23 செண்டிமீட்டர். 16 மி.மீ. சக்கரம் ஒருமுறை உருண்டால் 5 செண்டிமீட்டர் செல்லுமாதலால், நொடிக்கு நாலரை முறைக்குச் சிறிது மேலாகச் சுழலவேண்டும். மோட்டார்களோ நிமிஷத்திற்குப் பதினாயிரம் சுற்றுக்குமேல் சுழலும் இயல்பின. இடையே 40 சுற்றை ஒரு சுற்றாக்கும் திருகுபற்சக்கரம் வைத்தே இவை இரண்டனையும் பொருத்துதல் கூடும். பெரும்பாலான சிற்றுருக்கள் பேய்பிடித்தாற்போல் ஓடுவதற்கு இக்கணக்கை யாரும் போட்டுப் பாராமையே காரணம்.

இனி வேலையின் முறையைச் சொல்வோம். என்ஜினின் உடல் பித்தளைத் தகடு. சட்டம் அதனினும் தடித்த ஜெர்மன் சில்வர் தகடு. இக்காலத்தில் மருந்தால் அரித்து வெட்டிய தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. முப்பரிமாண அச்சுப்பொறியால் சிறு உறுப்புக்களை வார்த்தெடுப்பாரும் உளர். எம்மிடம் அவை இல்லை. அரமும் குறடும் மெல்லிய வாளும் சூட்டுக்கோலுமே இருந்தன. முதன்முதல் யாம் பற்றாசு வைத்த தகடுகள் குழந்தை உண்ட சோற்றுத்தட்டுப்போல் இருந்தன. அண்டை வீதியிலுள்ள பொற்கொல்லர் ஒருவர் அதனைக் கண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பற்றாசைக் காய்ச்சாதீர்கள், ஐயா; தகட்டைக் காய்ச்சுங்கள். அது தானே ஓடிவரும்" என்றார். இவ்வொரு வாக்கியம் யாம் படித்த புத்தகங்கள் அனைத்தினும் பயன் தந்தது. தகட்டை அரத்தால் பளபளப்பாக்கி, அழுக்கை நீக்கும் மருந்தைத் தடவி, கடுகளவு பற்றாசை இணைப்பில் வைத்துத் தகட்டைச் சூடாக்கினால், அது உருகி இடைவெளியினுட் புகுந்து மறைந்துவிடுகிறது. வேலை முடிந்தவுடன் மருந்தைக் கழுவிவிட வேண்டும். மறந்தால் மறுவாரம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

அவர் கற்பித்த மற்றொன்று, பல இணைப்புக்கள் அடுத்தடுத்து வருமிடத்து முதலிற் கடிய பற்றாசும் பின்னர் இளகிய பற்றாசும் வைத்தல். நகைத்தொழிலில் இது தொன்று தொட்ட வழக்காம். சிற்றுரு வேலையிலும் 188 டிகிரியில் உருகுவது, 145-ல் உருகுவது, 70-ல் உருகுவது என வகைகள் உள்ளன. கடைசிவகை கொதிநீரிலேயே உருகிவிடும். முன்வைத்த உறுப்பு விழாமலே பின்வரும் உறுப்பை வைப்பதற்கு இம்முறையன்றி வேறில்லை. கண்ணறைச் சன்னல் கம்பிகளுக்காகப் பித்தளைக் கம்பியைத் துளைத்தகட்டின் வழியே இழுத்து இழுத்து மயிரளவாக்கித் தந்தவரும் அவரே.

சட்டத்தில் மூன்று இருசுகள். ஆறு சக்கரங்களும் ஒருங்கே தண்டவாளத்தைத் தொடவேண்டும். தொடாத சக்கரம் மின்சாரத்தை வாங்காது. நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பது நம் வீட்டிலேயே காணும் உண்மை. அதனையே இங்குப் பயன்படுத்தினோம். மோட்டார் சுழற்றும் பின்னிருசை அசையாமல் நிறுத்தி, முன்னிரண்டு இருசுகளும் நடுவே ஊன்றிய ஒரு கோலின் இரு முனைகளில் ஏறியிறங்குமாறு அமைத்தால், என்ஜின் மூன்று இடத்தில் தாங்கப்பெற்றதாகிறது. சக்கரங்களை இணைக்கும் கோல்களில் உள்ள துளைகளின் தூரமும் இருசுகளின் தூரமும் மயிரிழையும் மாறலாகாது. அளவுகோலை நம்பாமல், அக்கோல்களையே அச்சாக வைத்துச் சட்டத்தைத் துளைப்பது சாலச் சிறந்தது. ஒரு பக்கத்துக் கைப்பிடி மற்றப் பக்கத்தினின்றும் கால் வட்டம் விலகியிருக்கவேண்டும். கால் வட்டத்திற் சிறிது பிழைப்பினும் தீங்கில்லை. மூன்றிருசுக்கும் பிழை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒன்றுமட்டும் வேறுபட்டால் என்ஜின் நொண்டும்.

ஒய்.பி. என்ஜினின் சட்டம் கம்பிச்சட்டம். கொதிகலத்தின்கீழ் அதனூடே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். அவ்விடத்தில் மோட்டாரும் பற்சக்கரமும் தென்பட்டால் தோற்றம் கெட்டுவிடும். அகன்ற தீயறை இவ்வென்ஜினுக்கு இருப்பது எமக்கு உதவிற்று. மோட்டார் முழுவதையும் அதனுள் ஒளித்தோம்.

இவ்விடத்தில் எமது பெரும்பிழையைச் சொல்லவேண்டும். சட்டம் ஒருமுறை மேசையில் நேரே ஓடிக் காட்டியவுடன், மகிழ்ச்சி மிகுதியால், அதனை வளைவில் ஓட்டிப் பாராமலே நுண்ணிய உறுப்புக்களை வைக்கத் தொடங்கினோம். தடைக்கட்டைகள், மணற்குழாய்கள், எண்ணெய்ப் பெட்டிகள், தறையாணித் தலைகள், ஓட்டுநர் ஏறும் படிகள் யாவும் நான்கு மாதத்தில் முடிந்தன. தறையாணித் தலையைத் தகட்டின் பின்புறத்திலிருந்து மழுங்கிய ஊசியால் குத்தி எழுப்புவர். ஒன்றன் அகலம் மி.மீ. பத்தில் நான்கு பங்கு. வரிசை கோணினால் தகட்டையே எறியவேண்டும். அவ்வாறு எறிந்தவை ஏழு.

பின்னர் வளைவில் விட்டோம். எம் மேசை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. அதிற் சுற்றிவரும் பாதையின் ஆரம் 45 செண்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 39 மீட்டர். உண்மையில் 10 டிகிரி வளைவு என்னும் கடிய வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். எந்த ஒய்.பி. என்ஜினும் திரும்பியிராத முடுக்கில் எமது என்ஜினைத் திருப்ப முயன்றோம். முன்போகியின் சக்கரம் சிலிண்டரின் அடியை முட்டிற்று. பின்சக்கரம் வெளியே வந்து படியில் இடித்தது. இடித்ததோடு நில்லாமல், தண்டவாளம் இரண்டும் மின்சாரத்தின் இரு முனைகளாதலின், பித்தளையும் சக்கரமும் தொட்டவிடமெல்லாம் மின்சாரம் குறுக்கே பாய்ந்து வண்டி நின்றது. தடைக்கட்டைகளும் அக்குற்றத்தையே செய்தன. அவற்றையெல்லாம் பெயர்த்துப் பிளாஸ்டிக்கால் மீண்டும் செய்தோம். சிலிண்டரின் உட்புறத்தை அராவினோம். படிகளுக்கு வேறு வழி தோன்றவில்லை. அவற்றை வெட்டி எறிந்தோம். யார் கவனிக்கப்போகிறார்கள் என்பது அப்பொழுது யாம் சொல்லிக்கொண்ட ஆறுதல்.

நீராவி என்ஜினின் அழகெல்லாம் சக்கரத்தின் பக்கத்தே அசையும் கோல்களில் இருக்கிறது. உண்மை என்ஜினில் நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சிற்றுருவிலோ மோட்டார் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் பிஸ்டனை ஆட்டுகிறது. காரணமும் காரியமும் இடமாறி நிற்கின்றன. ஆயினும் காண்பார் கண்ணுக்கு வேற்றுமை இல்லை. நீராவியை வேளையறிந்து சிலிண்டருக்குள் விடுகிற வால்ஷார்ட் அமைப்பின் கோல்கள் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு உள்ளன. ஒவ்வொரு மூட்டும் குண்டூசியினும் மெல்லிய ஆணி. ஆணியின் தலையில் பற்றாசு வைக்கும்பொழுது அது உள்ளே ஓடி மூட்டையே இறுக்கிவிடாமலிருக்க, இடையே எண்ணெய் தோய்ந்த மெல்லிய காகிதத்தை வைத்தல் நலம். வேலை முடிந்தபின் காகிதத்தைக் கிழித்தெடுத்தால் மூட்டு ஆடுதற்கு வேண்டிய இடைவெளியும் தானே கிடைத்துவிடும்.

வண்டிகளைப்பற்றிச் சுருங்கச் சொல்வோம். பிரயாணி வண்டிகளின் பக்கங்களை வெண்பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினோம். சன்னல்கள் வெட்டுவது சலிப்பான வேலை. சன்னற் கம்பிகள் வைப்பது அதனினும் சலிப்பு. இருசின் முனைகளை ஊசிபோற் கூர்மையாக்கிக் கூம்பிய குழியில் நிறுத்தினால் உராய்வு மிகக் குறைந்து, ஊதினாலே வண்டி நகரும். மீட்டர் பாதை வண்டிகளுக்கு இரு பக்கமும் தாங்கிகள் இல்லை, நடுவே ஒன்றுதான். இதனை அறியாமல், கடையில் வாங்கிய அயல்நாட்டு வண்டியில் வண்ணம் மாற்றிப் பூசி நம் நாட்டு வண்டியென்று வைப்பவர் ஏமாறுவர்.

வண்ணம் பூசுவதில் எமக்குக் கிடைத்த பாடம் ஒன்று உண்டு. கருமை என்று கடையிற் கேட்டு வாங்கிய கருமையைப் பூசினால், நான்கு மாதத்து வேலையெல்லாம் இருளில் மறைந்துபோகிறது. சிற்றுருவை இரண்டடி தொலைவினின்று பார்ப்பது, உண்மை என்ஜினை ஐம்பது மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். அத்தொலைவில் வெயிலும் தூசியும் கருமையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகவே கருமையோடு சாம்பல் நிறத்தைக் கலந்தோம். உப்புநீர் ஊற்றும் ஊர்களில் கொதிகலத்தின் பக்கத்தே வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்கும். கோல்களின் அருகே எண்ணெய் மினுக்கும். சக்கரங்களின் மேல் தடைக்கட்டை தேய்ந்த துரு நிறப்பொடி படியும். முதல் வண்டியின் கூரையில் புகைக்கரி மிகும். அழுக்கைக் கண்டபடி தீற்றுவது அழகன்று. ஒவ்வோர் அழுக்கும் எங்கிருந்து வந்ததென்று சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். இதற்குப் பழைய புகைப்படங்களே ஆசான். அதுவும் ஒரே எண்ணுள்ள என்ஜினை ஒரே காலத்தில் எடுத்த படமாயிருத்தல் நன்று. ஒரே வகுப்பாயினும் பட்டறைக்குப் போய்வந்த என்ஜின்கள் இரண்டு ஒன்றுபோல் இரா.

இங்ஙனம் முடிந்த என்ஜினைக் காண்பதற்கு அப்பெரியவரை அழைத்துவந்தோம். எண்பதைக் கடந்தவர்; கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேரன் நின்ற நிலையைப் பார்க்க எமக்கே இரக்கமாயிருந்தது. பின்பு இடப்பக்கத்துச் சக்கரத்தில் உள்ள சிறு கைப்பிடியைச் சுட்டி, "தம்பி, வலப்பக்கம் முன்னே போகச் சொல்கிறது, இடப்பக்கம் பின்னே போகச் சொல்கிறது. இவ்வண்டி எங்கே போகும்?" என்றார். நடுச்சக்கரத்தின் கைப்பிடி அடியில் வரும்பொழுது, அதன்மேல் வைத்த சிறு கைப்பிடி இரு பக்கத்தும் ஒரே திசையில் சாய்ந்திருக்கவேண்டும். யாம் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் சாய்த்துவிட்டோம். மோட்டாருக்கு அதனால் நட்டமில்லை. நீராவியாயின் அவ்வென்ஜின் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கும்.

அடுத்து டெண்டரில் கிடந்த கரியைப் பார்த்தார். அரைச் செண்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துப் போட்டிருந்தோம். கணக்கிட்டால் ஒவ்வொன்றும் ஒன்றரை அடிப் பாறை. "இதனை வாரிப்போட எந்த ஃபயர்மேன் இருந்தான்?" என்று கேட்டு நகைத்தார். யாமும் நகைத்தோம். பிறகு ஓட்டுநர் நிற்கும் அறையின் வாயிலில் விரலை வைத்துக் கீழே தடவினார். விரல் ஒன்றும் அகப்படாமல் நழுவிற்று. "படி எங்கே? ஏறுவது எப்படி?" என்றார்.

வளைவின் கொடுமையையும், மின்சாரம் குறுக்கிடுவதையும், மேசையின் அகலத்தையும் யாம் எடுத்து விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தாம் முதன்முதல் ஃபயர்மேனாக ஏறிய இரவில் மழை பெய்துகொண்டிருந்ததென்றும், கையிற் சோற்றுத் தூக்கோடு அப்படியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டாரென்றும், அத்தழும்பு இன்னும் இருக்கிறதென்றும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீர் அருந்திவிட்டுப் போய்விட்டார்.

சிறு கைப்பிடியைத் திருப்புவதற்கு ஒரு மாலை போதுமானதாயிற்று. கரியை உரலிலிட்டு இடித்துச் சல்லடையில் சலித்து, முன்பக்கம் குறைந்தும் பின்பக்கம் மிகுந்தும் இருக்குமாறு மீண்டும் இட்டோம். ஃபயர்மேன் வாருவது முன்பக்கத்திலிருந்தன்றோ! படியைப்பற்றி மட்டும் எமக்குள் இரண்டு வாரம் வாதம் நடந்தது. படியில்லாவிடினும் வண்டி ஓடுகிறது, படி வைத்தால் நிற்கிறது என்றனர் ஒரு சாரார். வளைவைத்தான் மாற்றவேண்டும் என்றனர் மற்றொரு சாரார். 18.83 மி.மீ. பாதைக்காகப் பாடுபடும் அயல்நாட்டன்பரைப்பற்றி யாம் முன்பு நகைத்தது அப்பொழுது நினைவுக்கு வந்தது.

முடிவில் மேசையைக் கைவிட்டோம். ஆய்வுக்கூடத்தின் இரு சுவர்களை ஒட்டிப் பலகை அடித்து, மூலையில் ஒரு மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று வைத்துப் பாதையை மீண்டும் இட்டோம். இதுவும் உண்மைக் கணக்கில் 87 மீட்டரே. ஆயினும் பின்சக்கரம் படியைத் தொடாமல் திரும்புதற்குப் போதியதாயிற்று. இனி வண்டி சுற்றிச் சுற்றி ஓடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை சென்று நிற்கும். என்ஜினைக் கழற்றித் திருப்பி மறுபக்கம் மாட்டவேண்டும். கல்லூரி நாளன்று வந்த சிறுவர்க்கு இது ஏமாற்றமே. இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் சிற்றூரிலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்தைப்பற்றி அறிந்தவர்க்கு எம் பாதை மிக எளியதாகவே தோன்றும். 1954-ல் தொடங்கிய அவ்விடத்தில், ஒரு நாட்டுப்புறம் முழுவதையும் வீடு, வேலி, தோட்டத்துக் கீரையுட்படப் பல்லாண்டுகளாக அன்பர் பலர் செய்துகொண்டேயிருக்கிறார்கள்.

புதிய படிகளைப் பொற்கொல்லர் இழுத்துத் தந்த கம்பியாலும், தகட்டுத் துண்டுகளாலும் செய்தோம். ஒரு படியின் அகலம் 4 மி.மீ. தேய்ந்த படியின் நடுவிடம் பளபளக்கும் என்று பெரியவர் சொல்லியனுப்பியிருந்தமையால், வண்ணம் பூசியபின் அவ்விடத்தை மட்டும் நகத்தாற் சுரண்டி விட்டோம். சென்ற மாதம் அவரை மீண்டும் அழைத்தோம். முழங்கால் வலியால் மாடி ஏற இயலாதென்று கூறிவிட்டமையால், என்ஜினைப் பஞ்சில் பொதிந்து ஒரு பெட்டியில் வைத்துப் பேரன் வீட்டிற்கே கொண்டுசென்றார். அது இன்னும் திரும்பி வரவில்லை. பிரயாணி வண்டிகளில் இன்னும் இரண்டுக்குக் கூரை போடவேண்டும், தடைக்குழாய்களும் வைக்கவேண்டும். அதற்குள் வந்துவிடும் என்றிருக்கிறோம்.